மன்னார்குடி விதைக்கடை: விற்ற பிறகும் பதில் சொல்லும் வியாபாரம்

குறுவைப் பருவத்துக்கு ஆடுதுறை 43 ரக விதைநெல் வாங்கிய மன்னார்குடிக் கடையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், அங்கு வாங்கிய விதை சரியாக முளைக்காமல் போனதுதான். சான்று விதைக்குரிய நீல அட்டை மூட்டையில் இருந்தது. காலாவதி நாளும் கடக்கவில்லை. ஆயினும் முளைகட்டிய சாக்கைப் பிரித்தபோது கிட்டத்தட்டப் பாதி மணிகள் முளை விடாமல், தொட்டால் வழுவழுவென்று, புளித்த வாடையுடன் கிடந்தன.

இத்தகைய புகாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் டெல்டா விவசாயிகளுக்கு மனப்பாடம்: தண்ணீரில் அதிக நேரம் கிடந்திருக்கும், முளைகட்டிய முறை தவறாக இருக்கும், கம்பெனியைக் கேளுங்கள். இந்தக் கடைக்காரரோ தகவல் சொன்ன அன்று மாலையே வீட்டுக்கு வந்து சாக்கைக் கிளறிப் பார்த்துவிட்டு, அதே குவியல் எண் (ஒரே தொகுப்பு விதைக்குரிய லாட் எண்) கொண்ட மூட்டைகளின் விற்பனையை நிறுத்தினார். "ரசீது என் பேருலதானே அண்ணே கிழிச்சிருக்கேன், கம்பெனிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று கூறி, எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்கச் சொல்லாமல் வேறு குவியலிலிருந்து மாற்று விதை கொடுத்தார். பிறகு, பிரிக்காத மூட்டையிலிருந்து எண்ணி எடுத்த நூறு மணிகளை ஈரச்சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்து, சில நாள் கழித்துக் கடைவாசலில் பலர் முன்னிலையில் பிரித்தபோது 61 மணிகளே முளைத்திருந்தன. சான்று விதைநெல்லுக்குக் குறைந்தது 80 விழுக்காடு முளைப்புத்திறன் வேண்டும் என்பது விதி.

இதைவிடப் பெரிதாக நான் மதிப்பது, ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, அந்தக் குவியலில் வாங்கிய மற்றவர்களையும் அவரே அழைத்து, விதையை ஊறப்போட வேண்டாம் என்று எச்சரித்ததைத்தான். கேட்டு வந்தவருக்கு மட்டும் ஈடு கொடுத்துவிட்டு மற்றவரிடம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு நட்டம் குறைந்திருக்கும். ஒவ்வொரு ரசீதிலும் குவியல் எண்ணை எழுதும் பழக்கம் இல்லையென்றால், மனமிருந்தாலும் அவரால் இதைச் செய்திருக்க முடியாது. (ரசீதே தராத கடைகளில் விலை சற்றுக் குறைவுதான், பின்னால் எதையும் கேட்க முடியாது என்பதற்கான தள்ளுபடி அது.)

குறையும் உண்டு. குறுவை தள்ளிப்போனால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். அந்தக் காலதாமதத்துக்கு மாற்று விதை ஈடாகாது. நாற்றங்கால் உழவுக்கும் ஆள்கூலிக்கும் ஆன செலவைப் பற்றி அவராக எதுவும் பேசவில்லை. நான் கேட்ட பிறகே, பாதியை உரக் கணக்கில் கழித்துக்கொள்வதாக ரசீதின் பின்புறம் எழுதிக் கையெழுத்திட்டார். சம்பா விதைகளை விற்பதற்கு முன்பே ஈரச்சாக்கில் சோதிப்பதாகவும் சொல்லியிருக்கிறார். சம்பாவுக்கான சி.ஆர். 1009 ரக விதைநெல் வாங்க அங்கேதான் போகப்போகிறேன். சாக்கைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் பணம் கொடுப்பேன்.