எடை இறங்கிய முகத்துக்கு ஃபெதர் எஸ்எஸ் கத்தி ஒத்துவருமா?

அறுபதைத் தாண்டியவருக்குப் பத்துப் பதினைந்து கிலோ இறங்கினால், பழைய சட்டையோடு சேர்ந்து பழைய சவரமுறையும் தொளதொளத்துவிடும். கன்னத்திலும் மோவாய்க்கு அடியிலும் இருந்த கொழுப்பு கரைகிறது. ஆனால் வயதான தோல் அந்த அளவுக்குச் சுருங்கிக்கொள்வதில்லை. கன்னம் குழிந்து, தாடையோரம் தோல் இறங்கி, கழுத்தில் தசைப்பட்டைகள் வரி வரியாக எழும்பி, குரல்வளை துருத்திக்கொள்ளும். இதை முதலில் உணர்பவர் மடக்குக் கத்திக்காரர்தான். மூன்று நான்கு பிளேடு கார்ட்ரிட்ஜ் தளர்ந்த தோலை ஓரளவு தானே சமன்செய்துகொண்டு போகும். திறந்த விளிம்புக்கு அந்தச் சமர்த்து கிடையாது. மடிப்பு வந்தால் மடிப்பை வெட்டும்.

இந்த நிலைமைக்கு ஜப்பானின் ஃபெதர் ஆர்ட்டிஸ்ட் கிளப் எஸ்எஸ் நல்ல கத்தி. ஆனால் எந்த பிளேடை அதில் போடுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

இது பிளேடு மாற்றும் வகை மடக்குக் கத்தி. தலைப்பகுதி பிளேடை இருபுறமும் அணைத்துப் பிடிப்பதால் வெளியே தெரியும் விளிம்பு கொஞ்சம்தான். அதே வரிசையின் டிஎக்ஸ் மாடலோடு ஒப்பிட்டால் கோணம் சற்றுத் தவறினாலும் எஸ்எஸ் மன்னிக்கும். சாதாரண இரட்டை விளிம்பு பிளேடை இரண்டாக முறித்துப் போடும் மலிவு ஷேவெட் இங்கே வேண்டாம். அந்தப் பாதி பிளேடு குட்டையானது. அதன் கூர் முனைகள் வாயோர மடிப்பிலும் மூக்கிலிருந்து இறங்கும் கோட்டிலும் போய்ச் செருகிக்கொள்ளும். இறுக்கமான முகத்தில் வருடக்கணக்காகத் தொல்லை தராத கத்திகூட, குழிந்த முகத்தில் இப்படித்தான் கீறும்.

எஸ்எஸ் இரட்டை விளிம்பு பிளேடுகளை ஏற்காது. ஆர்ட்டிஸ்ட் கிளப்புக்கென்றே செய்த நீளமான ஒற்றை விளிம்பு பிளேடுதான் போடவேண்டும். புரோ சூப்பர் கரடு முரடான தாடிக்கு, புரொஃபெஷனல் பொதுவானது, லைட் மென்மையான தாடிக்கு. புரோகார்டு பிளேடில் விளிம்பின் மேல் நுண்ணிய காப்புக் கம்பிகள் இருக்கும். எடை இறங்கிய முதல் சில மாதங்களுக்குப் புரோகார்டுதான் சரி. கத்தி பக்கவாட்டில் வழுக்கினாலும் ஆழமாக இறங்காது. குறை என்னவென்றால், மூன்று நாள் தாடியும் கெட்டி நுரையும் சேர்ந்தால் கம்பிகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அலசவேண்டும். வழவழப்பும் ஒரு படி குறைவு. இன்னொரு ஆபத்து, காப்பு இருக்கிறதே என்று தோலை இழுத்துப் பிடிக்கும் இடது கை சோம்பேறியாகிவிடும். எடை நிலைத்து, கை பழகியபின் புரொஃபெஷனலுக்கு மாறலாம். புரோ சூப்பர் பக்கம் போகத் தேவையே இல்லை.

கத்தியைவிட முக்கியம் தோலை இழுத்துப் பிடிக்கும் கை. முன்பு கொழுப்பு கொடுத்த அடித்தளத்தை இப்போது எலும்புதான் கொடுக்கவேண்டும். மழிக்கும் இடத்தை எலும்பின் மேல் கொண்டுவந்து மழிப்பதே அடிப்படை. கன்னத்துக்கு, காதுக்கு முன்னால் கிருதா அருகே விரல் வைத்து மேலும் பின்னுமாக இழுத்தால் குழியில் இருந்த தோல் கன்ன எலும்பின் மேல் ஏறிவிடும். காற்றை ஊதிக் கன்னத்தை உப்பவைப்பது பலரும் செய்வது. தோல் இறுகும், ஆனால் அடியில் மெத்தென்று இருப்பதால் விளிம்பு பதிந்துவிடும். தாடையோரத்துக்குத் தலையை மறுபக்கம் சாய்த்து, காதுக்குக் கீழிருந்து மேலே இழுங்கள். முன்பு தாடைமேல் இருந்த முடி இப்போது தாடைக்குக் கீழே இறங்கியிருக்கும். இழுத்தால் பழைய இடத்துக்கு வரும்.

கழுத்தில்தான் ரத்தம் அதிகம் பார்க்க நேரும். தலையை முழுக்க அண்ணாந்தால் தசைப்பட்டைகளும் குரல்வளையும் இன்னும் துருத்தும். பாதி அண்ணாந்தால் போதும். குரல்வளைமேல் உள்ள தோலை இரண்டு விரலால் பக்கவாட்டில் நகர்த்தி, தட்டையான இடத்தில் வைத்து மழிக்கவும். பட்டைகளுக்குக் குறுக்கே கத்தியை ஓட்டாதீர்கள். பட்டை போகும் திசையிலேயே, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீளாத இழுப்புகள். முடி வளரும் திசைக்கு எதிராக மழிக்கும் எதிர்ச் சவரத்தைக் கழுத்தில் அடியோடு விட்டுவிடலாம்.

நுரை பட்ட விரலால் தளர்ந்த தோல் பிடிபடாது. படிகாரக் கல்லை ஈரக்கையில் தேய்த்துக்கொண்டால் வழுக்காது. பிடிக்கும் இடத்தில் நுரை பூசாமல் விடுவதும் நல்லது.

கோணம்: தோலிலிருந்து சுமார் 30 பாகையில் தொடங்கி, குழிவான இடங்களில் இன்னும் சாய்த்துப் படுக்கவைக்கவும். அழுத்தம் கொடுத்தால் தளர்ந்த தோல் கத்திக்கு முன்னால் அலையாகத் திரளும். திரண்டால் உடனே நிறுத்தி மறுபடி இழுத்துப் பிடிக்கவேண்டும்.

பல்செட் அணிபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே சவரம் செய்யவேண்டும். கழற்றினால் உதடும் கன்னமும் உள்ளே போய்விடும். கழுத்து மடிப்பில் இருக்கும் தொங்கும் மருக்களும் கவனத்துக்குரியவை. எடை போனாலும் மரு போகாது. முன்பு மடிப்புக்குள் ஒளிந்திருந்தது இப்போது கத்தியின் பாதையில் நிற்கும். நுரை பூசுமுன் விரலால் தடவிப் பார்த்து இடம் தெரிந்துகொள்ளுங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறு கீறலில்கூட ரத்தம் நிற்க நேரம் எடுக்கும்: சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும், நடுவில் எடுத்துப் பார்க்கக்கூடாது. முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கியிருந்தால், கத்தி வாங்குவதற்கு முன் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை.

ஏற்கெனவே ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த, தீட்டிப் பயன்படுத்தும் கார்பன் எஃகுக் கத்தி வைத்திருப்பவர் எஸ்எஸ்ஸுக்கு மாறவேண்டுமா? கத்தி 5/8 அங்குல அகலமும் உருண்டை முனையுமாக இருந்தால், கை நடுங்காதவருக்கு அவசியமில்லை. சொல்லப்போனால் நன்றாகத் தீட்டிய கார்பன் விளிம்பு தளர்ந்த தோலில் ஃபெதர் பிளேடைவிட இதமானது. 6/8, 7/8 அகலக் கத்திகள் மூக்குக்கு அடியிலும் குழிந்த கன்னத்திலும் திரும்ப இடமில்லாமல் திணறும். சதுர முனை இருந்தால் ஓய்வு கொடுத்துவிடுங்கள். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் இன்னொரு வேலையும் உண்டு. கார்பன் எஃகைக் குளியலறை அலமாரியில் வைத்தால் விளிம்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு கமேலியா எண்ணெய் தடவி வேறு அறையில் வைக்கவேண்டும். சவரத்துக்கு முன் தோல்வாரில் நாற்பது ஐம்பது தீட்டல். எஸ்எஸ்ஸுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சின்னக் குளியலறைக்கு அதுதான் தோது.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் 9% பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் அந்த வரி உண்டு. கத்தி ஒருமுறைச் செலவு, பிளேடு தொடர் செலவு. இரட்டை விளிம்பு பிளேடைவிட இது கணிசமாக விலை கூடுதல். பழைய பிளேடை அப்படியே குப்பைக் குழாயில் போடாமல் தகர டப்பாவில் சேர்த்து, மூடி ஒட்டிப் போடவும்.

கை நடுக்கம் உள்ளவருக்கு இந்தக் கத்தியைப் பரிந்துரைக்க முடியாது. அவர் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கைதேர்ந்த முடிதிருத்துநர் ஒருவரிடம் உட்காருவதே மேல். உட்கார்ந்ததும் சொல்லவேண்டியவை மூன்று: கழுத்தில் மரு எங்கே இருக்கிறது, ரத்தம் இளக மாத்திரை எடுக்கிறோமா, கழுத்தில் எதிர்ச் சவரம் வேண்டாம்.