கர்ப்பகால யோகா என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு பொது வகுப்பில் உட்கார வைத்தார்கள்

சென்னையில் எங்கள் பகுதியில் உள்ள யோகா மையம் ஒன்று, கர்ப்பிணிகளுக்கெனத் தனி வகுப்பு நடத்துவதாகவும் சுகப்பிரசவத்துக்குத் தாங்களே உத்தரவாதம் என்றும் விளம்பரம் செய்து, மூன்று மாதக் கட்டணமாக 9,000 ரூபாயை என்னிடம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. (எந்த மகப்பேறு மருத்துவரும் தரத் துணியாத உத்தரவாதம் அது.) அப்போது எனக்கு ஆறாம் மாதம்.

சேர்க்கைப் படிவத்தில் பெயரும் கைபேசி எண்ணும் மட்டுமே கேட்டிருந்தார்கள். எத்தனையாவது மாதம், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா, ரத்தக்கொதிப்பு உண்டா, முன்பு கரு கலைந்திருக்கிறதா, மருத்துவர் அனுமதித்தாரா என எதையும் எவரும் விசாரிக்கவில்லை.

தனி வகுப்பு என்பதும் பொய்தான். எடை குறைக்க வந்தவர்களுக்கு நடக்கும் வகுப்பின் கடைசி வரிசையில் கர்ப்பிணிகளை உட்கார வைத்து, எல்லோருக்கும் சேர்த்துக் கபாலபாதியில் தொடங்கினார்கள். வயிற்றை வெட்டி வெட்டி இழுத்து மூச்சைத் தள்ளும் அந்தப் பயிற்சி கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்பதால் நான் செய்ய மறுத்தபோது, "மெதுவா பண்ணுங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார் பயிற்றுநர். இறுதியில் சவாசனத்துக்காக எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் எனக்குப் படபடத்து, உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருட்டியது. பக்கத்து விரிப்பிலிருந்த இன்னொரு கர்ப்பிணிதான் என்னை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். பயிற்றுநர் அந்நேரம் முன்வரிசையைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 20 வாரங்களுக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துவதால் ரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பது, கர்ப்பகால வகுப்பு எடுப்பவர்களுக்கு அரிச்சுவடிப் பாடம். அதனால்தான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கட்டிய பணம் தர இயலாது, வேண்டுமானால் உங்களுக்குப் பதிலாக உறவினர் யாரையாவது அனுப்புங்கள்" என்று வாட்ஸாப்பில் பதில் வந்தது. ரசீதில் அப்படியொரு நிபந்தனையே இல்லை. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கெடு குறிப்பிடாதபோது 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். மையம் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இத்தகைய வகுப்பில் சேர எண்ணுபவர்கள், பயிற்றுநர் கர்ப்பகால யோகாவுக்கெனத் தனியாகப் பயின்றவரா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; என் பயிற்றுநரிடம் இருந்தது பொதுவான இணையவழிச் சான்றிதழ் ஒன்றுதான். யோகா, இயற்கை மருத்துவத்துக்கென்றே ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. அரும்பாக்கத்தில் அதற்கான அரசுக் கல்லூரியே இருக்கிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால், ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லுங்கள்.