பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்: பையன் தெக்கோங் போறதுக்கு முன்னாடியே ஓடாதீங்க

ஆர்மிக்குப் போற பசங்களுக்கு சாமான் விக்கற இந்த மார்க்கெட்டுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன். யாருக்காக எழுதறேன்னு முதல்ல சொல்லிடறேன், எங்கள மாதிரி ஊர்லேர்ந்து வேலைக்கு வந்து பிஆர் (நிரந்தரவாசம்) வாங்கி சிங்கப்பூர்லயே தங்கிட்ட குடும்பங்களுக்கு. இங்கயே பொறந்து வளந்த அப்பாங்கல்லாம் என்எஸ், அதாவது கட்டாய தேசிய சேவை, முடிச்சவங்க, 1967-லேர்ந்து நடக்கற விஷயம், அவங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல ஒரு பழைய ஃபீல்ட் பேக்காவது கெடக்கும், பையனுக்கு என்ன வேணும் வேணாம்னு சாப்பிடும்போதே சொல்லிடுவாங்க. எங்க வீட்டுக்காரர் முதல் தலைமுறை பிஆர், அவருக்கு என்எஸ் கிடையாது, பையனுக்கு உண்டு. அதனால தெக்கோங் தீவுக்கு டிரெய்னிங்குக்கு வரச் சொல்லி அவனுக்கு லெட்டர் வந்தப்ப எங்க ரெண்டு பேருக்கும் ஆர்மின்னா ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்கு டிவில பாக்கற பரேட்தான்.

பயம் வந்தா என்னை மாதிரி ஆளுங்க என்ன பண்ணுவோம், கடைக்குப் போவோம். பக்கத்து பிளாக் அக்கா பீச் ரோடு போங்கன்னு சொன்னாங்க. சர்க்கிள் லைன்ல நிக்கல் ஹைவேல இறங்கி நடக்கலாம், கோல்டன் மைல் ஃபுட் சென்டர் இருக்குற அதே கட்டடம்தான். பழைய கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ், தாய் சாப்பாட்டுக் கடைங்க இருந்துச்சே, அதுக்கு எதிர்ல. ஏன் இங்க போய் ஆர்மி கடைங்கன்னு யோசிச்சேன், முந்தி இந்த ரோட்டுலயே ஒரு கேம்ப் இருந்துச்சாம், இப்ப அந்த எடத்துல சவுத் பீச் டவர் நிக்குது, கேம்ப் போயிடுச்சு கடைங்க மட்டும் போகல.

உள்ள போனா சின்னச் சின்னக் கடைங்க வரிசையா, எல்லாம் பச்சை. பூட்ஸ், பை, பெல்ட், கயிறு, டார்ச்சு, சாக்ஸ் எல்லாம் தலைக்கு மேல தொங்குது, நடக்கறப்ப குனிஞ்சுதான் போகணும். நான் கைல ஒரு லிஸ்ட் வச்சிருந்தேன், நெட்டுல பாத்து எழுதினது, ஒரு பக்கம் ஃபுல்லா. நாலஞ்சு கடை தாண்டி ஒரு சீன அங்கிள் கடைல நின்னேன், அவர் லிஸ்ட்ட வாங்கி கண்ணாடிய மூக்குக்கு இறக்கிப் படிச்சுட்டு பேனா எடுத்து அடிக்க ஆரம்பிச்சாரு. இது அவங்களே குடுப்பாங்க, இதுவும் குடுப்பாங்க, இது வேணாம், இது வச்சிருந்தா சார்ஜென்ட் திட்டுவாருன்னு அடிச்சுட்டே போனாரு. பூட்ஸுக்கு உள்ள வைக்கற இன்சோல் நல்லதா ஒரு ஜோடி குடுங்கன்னு கேட்டேன். "பூட்ஸே இன்னும் குடுக்கல, எந்த சைஸ்ல ஆண்ட்டி இன்சோல் தர்றது? முதல் புக்-அவுட்டுக்கு அவன் வரட்டும், அவனையே கூட்டிட்டு வாங்க"ன்னாரு. புக்-அவுட்னா கேம்ப்லேர்ந்து வீட்டுக்கு விடற நாள். வர்ற காசை வேணாம்னு சொல்ற கடைக்காரரை எங்க ஊர் கடைத்தெருவுலயே நான் பாத்ததில்ல.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த ரிவியூவே எழுதறேன். என்லிஸ்ட்மென்ட்டுக்கு (ஆர்மில சேர்ற நாளுக்கு) முன்னாடி ரொம்பக் கொஞ்சம்தான் வேணும், மீதி எல்லாத்தையும் முதல் புக்-அவுட் அப்ப வாங்குங்க. யூனிஃபார்ம், பூட்ஸ், பிடி (உடற்பயிற்சி) டிரஸ், ஹெல்மெட், பை எல்லாம் தீவுல எறங்குனதுமே அவங்களே குடுத்துடறாங்க. முன்னாடி வாங்க வேண்டியது பெரிய சைஸ் ஜிப்லாக் பை ஒரு கட்டு, கால் பவுடர், கறுப்பு மார்க்கர் பேனா, நம்பர் பூட்டு (சாவி பூட்டு வேணாம், சாவிய எப்படியும் தொலைப்பான்), துணி ஹேங்கர் கொஞ்சம். இதெல்லாம் சேத்தே பெரிய காசு ஆகல, இதுல பாதி நம்ம வீட்டுக்குக் கீழ இருக்குற மாமாக் கடைங்கற மளிகைக் கடைலயே கிடைக்கும், உண்மைய சொல்லணும்ல.

என்லிஸ்ட்மென்ட் அன்னைக்கு பாசிர் ரிஸ்லேர்ந்து பஸ், அப்புறம் ஃபெர்ரி. நம்மளும் கூடப் போகலாம், பசங்க தூங்கற பங்க்கைக் காட்டறாங்க, குக்ஹவுஸ்ல சாப்பாடு போடறாங்க, பசங்க வரிசையா நின்னு உறுதிமொழி எடுக்கறத பாக்கலாம். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். திரும்பி ஃபெர்ரிக்கு நடக்கறப்ப அவனுக்கு நெத்தி வரைக்கும் முடி இருந்துச்சு, அடுத்து நேர்ல பாத்தப்ப மொட்டை.

முதல் ரெண்டு வாரம் வீட்டுக்கு விட மாட்டாங்க, ராத்திரி கொஞ்ச நேரம் ஃபோன். "சாப்ட்டியாடா?" "சாப்ட்டேன்மா." "என்ன சாப்ட்ட?" "தெரியலமா, பசிச்சுது சாப்ட்டேன்." அவ்ளோதான், தூங்கிடுவான். எனக்கு வெயில்தான் பயம். 2018, 2019-ல டிரெய்னிங்ல பசங்க செத்தது பேப்பர்ல வந்து ஊரே பேசுச்சே, அதுக்கப்புறம் டிரெய்னிங் வேகத்தக் குறைச்சு, பாதுகாப்ப கண்காணிக்கறதுக்குன்னே இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸ் ஒண்ணு தொறந்தாங்க, அதெல்லாம் எனக்கும் தெரியும், தெரிஞ்சு என்ன, மத்தியானம் ஆபீஸ் ஜன்னல் வழியா வெயில பாத்தா வயித்தக் கலக்கும். அங்கிள்ட்டயும் இதக் கேட்டிருந்தேன், ஏதாச்சும் உப்புத் தண்ணி பவுடர் இருக்கான்னு. வாட்டர் பரேட்னு ஒண்ணு உண்டு, எல்லாரையும் நிக்க வச்சு பாட்டில் காலியாகற வரைக்கும் குடிக்க வைப்பாங்க, உங்க பையன் வீட்டுல குடிக்கறத விட அங்க அதிகமா குடிப்பான்னு சொன்னாரு. அது என்னமோ உண்மைதான், வீட்டுல இவன் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கறதுக்கு நான் பத்து தடவை கத்தணும்.

புக்-அவுட் வந்த சனிக்கிழமை இவனே கூப்பிட்டான், மா பீச் ரோடு போணும்னு. இந்தத் தடவை லிஸ்ட் அவனுது, சின்னது, ஆனா எல்லாம் தேவையானது. இன்சோல் (பூட்ஸையே பைல போட்டுக் கொண்டு வந்திருந்தான்), முழங்கால் கார்டு, சிவப்பு லைட் எரியற டார்ச்சு. ராத்திரி காட்டுக்குள்ள வெள்ளை லைட் அடிக்கக் கூடாதாம். இதுக்குன்னு ஆன்லைன்ல முன்னாடியே ஒரு ஹெட்லேம்ப் வாங்கியிருந்தோம், பேர் சொல்ல விரும்பல, ஒரு வாரத்துல சுவிட்ச் உள்ள போயிடுச்சு, திருப்பித் தரவும் வழியில்ல. இங்க அங்கிள் அஞ்சு தடவை போட்டு அணைச்சு காட்டிட்டுதான் கைல குடுத்தாரு.

யூனிஃபார்முக்கு பேர் தைக்கறது இங்க பாக்க வேண்டிய ஒண்ணு. எங்க பையன் பேரு நீளம், கூட அவங்க அப்பா பேரும், அந்தச் சின்னத் துணில எப்படி வரும்னு நான் யோசிக்கறதுக்குள்ள அங்கிள் பிளட்டூன்ல (இவனோட படைப்பிரிவுல) எப்படி எழுதச் சொன்னாங்கன்னு கேட்டாரு, இவன் ஃபோன்ல காட்டுனான், மிஷின் டரடரன்னு ஓட ஆரம்பிச்சுது. கறுப்பு நூல்ல எழுத்து எழுத்தா வந்தத பாத்துட்டே நின்னேன், நூல வெட்டி விரலால ஒரு தேய் தேய்ச்சு குடுத்தாரு. பிசிறு இல்ல, இத்தனை துவைப்புக்கு அப்புறமும் ஒரு நூல் பிரியல.

அப்புறம் ஃபீல்ட் கேம்ப்புக்கு துணி மடிக்கற வித்தை. காட்டுல நாள் கணக்கா குளிக்க முடியாது, பவுடர்தான் குளியல், அதனால காய்ஞ்ச துணி தங்கம். அங்கிள் நம்பர் ஃபோர்ங்கற டிரெய்னிங் யூனிஃபார்ம் ஒரு செட் எடுத்து கால்சட்டைய சட்டைக்குள்ள வச்சு, சாக்ஸ நடுவுல வச்சு சுருட்டி, ஜிப்லாக்ல போட்டு, தரையில வச்சு முட்டியால ஏறி அமுக்குனாரு, காத்து புஸ்ஸுன்னு போச்சு, உடனே வாய மூடி அதையே இன்னொரு பைக்குள்ள தலைகீழா போட்டாரு. ஒரு நாளைக்கு ஒரு பை, மார்க்கர்ல நாள் எழுதி வைன்னாரு. அந்த வயசுல அவர் முட்டி போட்டத பாத்து எனக்குத்தான் சங்கடமா போச்சு, இவன் வீடியோ எடுத்துட்டு நிக்கறான்.

ஃபீல்ட் கேம்ப் நடுவுல பசங்களுக்கு வீட்டுலேர்ந்து வந்த லெட்டர குடுப்பாங்க, எங்ககிட்டயும் ரகசியமா கேட்டு வாங்கினாங்க. நான் தமிழ்லதான் எழுதினேன், இவன் எழுத்துக் கூட்டிதான் படிப்பான்னு தெரியும், படிக்கட்டும், அவ்ளோ நேரமாவது உக்காருவான்ல. வீட்டுக்காரர் ரெண்டே வரி எழுதினாரு, ஒரு வரி தண்ணி குடி, இன்னொரு வரி பூட்ஸ காய வை.

குறைன்னு பாத்தா, எதுலயும் விலை எழுதி ஒட்டல, பக்கத்து பக்கத்து கடைலயே ஒரே டார்ச்சுக்கு வேற வேற விலை சொல்றாங்க, ரெண்டு கடை கேட்டுட்டு வாங்குங்க. சில கடைல பேநவ் (ஃபோன்லயே காசு அனுப்பறது) உண்டு, சில கடைல காசு மட்டும்தான், கைல கொஞ்சம் வெள்ளி நோட்டு வச்சுக்கோங்க. ஒரு கடைல, எந்தக் கடைன்னு வேணாம், என் மூஞ்சியில பயத்த பாத்துட்டு காட்டுல உயிர் பிழைக்கற கிட் ஒண்ண தள்ளப் பாத்தாங்க, தூண்டில் முள்ளெல்லாம் இருந்துச்சு. ஒம்பது வார பிஎம்டிக்கு (அடிப்படை ஆர்மி டிரெய்னிங்குக்கு) தூண்டில் எதுக்கு, இவன் என்ன தெக்கோங்ல மீன் பிடிக்கவா போறான். ஒரு ஸ்டார் அதுக்குதான் கட்.

இன்னும் 24 கிலோமீட்டர் ரூட் மார்ச் (பையச் சுமந்து நடக்கற நீள நடை) பாக்கி இருக்கு, அதுக்கு சாக்ஸ் வேணுமாம். சனிக்கிழமை மத்தியானம் போகாதீங்க, புக்-அவுட் ஆன பசங்க அம்மாவோட வந்து நிக்கறதுல நடக்க எடம் இருக்காது, ஞாயிறு காலைல போங்க, கேம்ப்புக்குத் திரும்பற புக்-இன் சாயங்காலம்தானே. வாங்கிட்டு கீழ ஃபுட் சென்டர்ல சாப்பிட வச்சு அனுப்புங்க.