சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: மாப்பிள்ளையின் சர்க்கரையோடு இரண்டரை ஆண்டுகள்

போன வாரம் பழைய தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை வந்துவிட்டதாம். "சர்க்கரை பார்க்க நீ எந்த மீட்டர் வைத்திருக்கிறாய்? அதையே வாங்கிவிடுகிறேன்" என்றாள். புதிதாக இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லோரும் முதலில் மீட்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள்; நானும் அப்படித்தான் கேட்டேன். மீட்டர் எதுவானாலும் காலம் ஓடிவிடும், சிரிஞ்சைப் பற்றிக் கேள் என்று ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். போனை வைத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் இது.

எங்கள் பூனையின் பெயர் மாப்பிள்ளை. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து, பரிமாறியதில் குறை கண்டு, சோபாவின் நடுவில் படுத்துக்கொள்பவனுக்கு அம்மா வைத்த பெயர். இப்போது வயது 12. கருத்தடை செய்த ஆண், 6 கிலோவுக்கு மேல் எடை, வருடக்கணக்காக உலர் தீனி. சர்க்கரை நோய்க்குப் பத்துப் பொருத்தமும் இருந்தது. 2023 ஜூனில் தண்ணீர்க் கிண்ணம் நிரப்ப நிரப்பக் காலியானது. முன்னைவிட அதிகமாகச் சாப்பிட்டும் எடை 4.8 கிலோவுக்கு இறங்கியது. பின்னங்கால்களில் குதிகால் வரை தரையில் பதித்து முயலைப் போல நடந்தான். அன்றிலிருந்து இன்சுலின் ஊசிதான்: காலை 7 மணிக்கு ஒன்று, இரவு 7 மணிக்கு ஒன்று. கணக்குப் பார்த்தால் 1,800 ஊசியை நெருங்கியிருக்கும்.

அவனுக்குப் போடும் கிளார்ஜின் என்ற இன்சுலினைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மனிதர்களுக்கான மருந்துதான், பூனைக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2 யூனிட் என்றால் 150 நாள் வரும், ஆனால் திறந்த 28 நாளில் தூக்கிப் போடு என்கிறது அட்டை. ஃபிரிட்ஜை விட்டு வெளியே வைக்காமல், கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்வரை இன்னும் சில வாரம் பார்க்கலாம் என்று எங்கள் மருத்துவர் விட்டுக்கொடுத்தார். மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் மின்சாரம் இல்லை. அம்மா மண்பானையில் ஈர மணலைக் கொட்டி, அதற்குள் எவர்சில்வர் டம்ளரைப் புதைத்து, அதில் மருந்தை இறக்கி வைத்தார். டிசம்பர் மாதச் சென்னைக்கு அது தேவையே இல்லை. திறந்த மருந்து 30 டிகிரி வரை தாங்கும். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

இனி சிரிஞ்சு. நம் ஊர் மருந்துக்கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு உண்டு. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. இங்கே குப்பியில் வரும் சாதாரண மனித இன்சுலின் இன்னும் பெரும்பாலும் 40தான். கிளார்ஜின் 100. "இன்சுலின் சிரிஞ்சு" என்று மொட்டையாகக் கேட்டால் கடைக்காரரின் கை தானாகச் சிவப்பு மூடிக்குப் போகிறது. போதாக்குறைக்கு, பூனைக்கு ஊசி போடச் சொல்லித்தரும் வெளிநாட்டு வீடியோக்கள் பலவற்றிலும் சிவப்பு மூடியே தெரியும். அவர்கள் போடுவது விலங்குகளுக்கென்று வரும் 40 யூனிட் இன்சுலின். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவன் சிவப்பைக் கண்டதும் நிம்மதி அடைகிறான்.

கணக்கு இதுதான். சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு என்பது ஒரு மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. அந்தக் கோடு வரை கிளார்ஜினை இழுத்தால் உள்ளே வருவது 1 யூனிட் அல்ல, 2.5 யூனிட். எண்பது கிலோ மனிதருக்கு ஒன்றரை யூனிட் கூடினால் தெரியாமலே போகலாம். 1 யூனிட் மட்டுமே வேண்டிய ஐந்து கிலோப் பூனைக்கு அது இரண்டரை மடங்கு மருந்து.

ஆரஞ்சு மூடி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஒரு மில்லி சிரிஞ்சில் ஒரு கோட்டுக்கு 2 யூனிட். எனக்கு வேண்டியதோ 1 யூனிட், அதாவது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் கோட்டுக்குப் பாதி வழியில் நிறுத்து என்றால், காலை ஏழு மணிக்குக் கண்ணாடி போடாதவனால் முடிகிற காரியமா? அரை மில்லி சிரிஞ்சில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கோடு இருக்கிறது. அதுவும் மருத்துவர் "ஒன்றரை போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லும் நாள் வரைக்கும்தான். அரை யூனிட்டுக்கும் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது. அது கையில் கிடைத்த அன்று, சின்ன வயதில் ஜாமெட்ரி பெட்டி வாங்கித் தந்தபோது வந்த சந்தோஷம் வந்தது. ஐந்து கடை ஏறி இறங்கினால் ஒரு கடையில், அதுவும் ஒரு பாக்கெட்டுதான் இருக்கும். சிரிஞ்சுக்குப் பதில், கார்ட்ரிட்ஜைப் பொருத்தி ஊசி போடும் இன்சுலின் பேனா வாங்கலாமே என்பார்கள். என் கார்ட்ரிட்ஜுக்கான பேனா 1 யூனிட்டுக்குக் கீழே இறங்காது, அரையும் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஊசியைச் சோதிக்க 2 யூனிட்டைக் காற்றில் விடச் சொல்கிறது. மாப்பிள்ளைக்கு ஒன்று, காற்றுக்கு இரண்டு!

2024 மார்ச்சில் நான் ஊரில் இல்லாத நாளில் சிரிஞ்சு தீர்ந்துவிட்டது. அம்மா கடைக்குப் போனார். "மாப்பிள்ளைக்குச் சர்க்கரை. ஊசி போடுகிற சிரிஞ்சு பத்து கொடுங்கள்" என்றிருக்கிறார். "மாப்பிள்ளைக்கு எத்தனை வயதம்மா?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். "பதினொன்று." அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் பத்துச் சிரிஞ்சை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை நான்தான் ஊசி போட்டேன். தூக்கக் கலக்கத்தில் கோட்டைப் பார்த்தேன், மூடியைப் பார்க்கவில்லை. ஒன்பதரை மணிக்குக் குப்பைக் கூடையில் சிவப்பாக ஏதோ தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது. 10 மணிக்கு மீட்டரில் 148. 12 மணிக்கு 71. ஒரு மணிக்கு 52. அவன் எழுந்து சமையலறைக்கு நடந்தான், நிலைப்படியில் தோள் இடித்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஈறில் தேனைத் தடவினேன். அம்மா மடியில் வைத்துக்கொண்டு வேகவைத்த கோழியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். மருத்துவர் தொலைபேசியில் சொன்னபடி அரை மணிக்கொரு முறை காதில் குத்திப் பார்த்தோம், இரவு ஊசியை நிறுத்தினோம். மாலை ஐந்து மணிக்கு 130ஐத் தாண்டியபோது அவன் எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு சோபாவின் நடுவுக்குப் போனான். இரண்டு காது ஓரமும் புள்ளி வைத்த கோலம் போல இருந்தது.

தோழி கேட்ட மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது அம்மாவின் சாதாரண மீட்டர். பூனை விஷயத்தில் அது பொய் சொல்கிறது. மனித ரத்தத்தில் குளுக்கோஸில் 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் மீதி சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனைக்கு 93 சதவீதம் பிளாஸ்மாவில். மனிதக் கணக்கில் செய்த மீட்டர் அதனால் பெரும்பாலும் குறைத்தே காட்டும். பூனை, நாய் என்று தனித்தனியே குறியீடு வைத்த ஆல்ஃபாட்ராக் மீட்டரும் உண்டு. ஸ்ட்ரிப்புக்கு அலைய எனக்குத் தெம்பில்லாததால் அம்மாவுடையதிலேயே நின்றுவிட்டேன். அந்த மார்ச் மாத மதியத்தில் 52 என்று அது காட்டியபோது உண்மையில் 70 பக்கம் இருந்திருக்கலாம். சீக்கிரமே பயமுறுத்தும் பொய்யன் என் வீட்டுக்குத் தேவைதான்.

தோலில் ஒட்டிச் சர்க்கரை பார்க்கும் சென்சாரையும் இரண்டு முறை முயன்றேன். பதினான்கு நாள் தாங்க வேண்டியது முதல் முறை ஐந்தாம் நாள் பீரோவுக்கு அடியில் கிடந்தது. ஆனாலும் தூங்குகிற பூனையின் முதுகுப் பக்கம் போனைக் காட்டியதும் எண் வந்து நிற்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே மூன்றாவது வாங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

காதில் குத்துவது நினைத்த அளவு கொடுமை இல்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் மடலில் வைத்து, பின்பக்கம் பஞ்சு கொடுத்து, ஓரத்தில் ஓடும் ரத்தக் குழாயின் பக்கத்தில் குத்தினால் கடுகில் பாதி அளவு ரத்தம் வரும். அது போதும். மருத்துவமனையில் எடுத்தால் ஆட்டோ சத்தத்துக்கும் நாய் வாசனைக்கும் பயந்து 400ஐத் தொடுகிறவன், வீட்டில் 230இல் நிற்கிறான். காலை ஆறே முக்காலுக்கு மீட்டர் பையின் ஜிப் சத்தம் கேட்டால் தானே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். அம்மாவுக்கும் அதே நேரத்தில்தான் சோதனை. அம்மாவின் நோட்டில் தேதிக்கு எதிரே இரண்டு பத்தி: "நான்", "மா." சில நாள் "மா." பத்தியில் எண் நன்றாக இருந்தால் அம்மா முகம் வாடிவிடுகிறது.

மாத்திரை வந்துவிட்டதாமே என்றும் தோழி கேட்டாள். பெக்சாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இதுவரை இன்சுலினே போடாத பூனைகளுக்கு மட்டும்தான் அது. அவள் பூனைக்குப் பொருந்துமா என்று அவளுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு அந்த வண்டி போய்விட்டது. ஆரம்பத்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, மாவுச்சத்துக் குறைந்த உணவு கொடுத்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. உலர் தீனியை நிறுத்தினோம், கோழியும் மீனும் கொடுத்தோம். அவன் அந்தப் பெருந்தன்மையைக் காட்டவில்லை.

ஆக, மீட்டருக்கு ஐந்துக்கு மூன்று. பொய் சொன்னதற்கு ஒன்று கழித்தேன், காப்பாற்றியதற்கு ஏன் கூட்டவில்லை என்று கேட்க வேண்டாம். சென்சாருக்கு ஐந்துக்கு இரண்டு, வாங்குங்கள். அரை யூனிட் சிரிஞ்சுக்கு ஐந்துக்கு ஐந்து. தேவையான அன்று கிடைக்காத பொருளுக்கு எந்த மதிப்பும் கிடையாது என்பதால் அதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அந்தக் கடைக்காரருக்கு விஷயம் முழுவதும் தெரியும். மாப்பிள்ளையின் புகைப்படத்தைக்கூடப் பார்த்திருக்கிறார். நேற்று மாலை போனேன். "மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் சார்?" என்று விசாரித்துக்கொண்டே திரும்பி, மேல் தட்டில் இருந்த சிவப்பு மூடிப் பெட்டியை எடுத்தார்.