ஆறு சிவப்புப் புள்ளி வைத்த வெள்ளைப் பந்து: மூன்று மாதம் ஆடிப் பார்த்ததில்

ஒரே ஒரு பந்துக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாயா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், கேட்டுவிட்டு வாங்கிவிட்டேன், வீட்டில் இன்னும் விலை சொல்லவில்லை. அராமித் ப்ரோ கப் என்று பெயர். பெல்ஜியத்தில் சாலுக் என்ற நிறுவனம் ஃபீனாலிக் ரெசினில் செய்கிறது. டிவியில் பூல், அதாவது மேஜையில் பந்தைக் கோலால் அடித்து ஓரத்துக் குழிகளில் தள்ளும் ஆட்டத்தின் போட்டி, பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும், வெள்ளைப் பந்துக்கு அம்மை போட்டது மாதிரி ஆறு சிவப்புப் புள்ளிகள். பகடையின் ஆறு முகத்துக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்து, அப்புறம் பகடையை உருண்டையாக்கினால் எப்படியோ அப்படி. பந்து எப்படிச் சுழல்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்தப் பொட்டெல்லாம்.

இதற்கு முன்னால் பாதி விலைக்கு இன்னொன்று வாங்கி ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் யாரோ விற்றது, பெட்டி எல்லாம் பளபளவென்று இருந்தது. இரண்டே வாரத்தில் சிவப்புப் பொட்டு மேஜைத் துணியில் தேய்ந்து உதிர ஆரம்பித்துவிட்டது, பந்து வெறும் வெள்ளையாகி, மேஜையில் குங்குமம் சிந்தின மாதிரி கறை. பூல் பார்லர்காரர் முறைத்த முறைப்பு இருக்கிறதே. இப்போது இருப்பதில் மூன்று மாதமாகியும் பொட்டு மங்கவில்லை.

சரி, எதற்கு இந்தச் செலவு? வெள்ளையால் கலர் பந்தை அடித்துப் பாக்கெட்டில், அதாவது மேஜைக் குழியில், போடுவது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. போட்ட பிறகு வெள்ளை எங்கே போய் நிற்கும் என்பது எனக்கே தெரியாது, அதுதான் பிரச்சினை. எங்கள் பார்லரில் இருபது வருடமாக மார்க்கராக இருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு, ஸ்கோர் எழுதிக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "தம்பி, நீங்க கலர் பந்தைக் கரையேத்திட்டு வெள்ளையை நடுத்தெருவுல விட்டுடறீங்க." எனக்குக் கை பலம் சரியாக வரவில்லை, வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை இந்தப் பந்து முதல் அரை மணி நேரத்திலேயே உடைத்துவிட்டது.

செய்தது இவ்வளவுதான். ஒரு சிவப்புப் பொட்டு நேராக என்னைப் பார்க்கிற மாதிரி பந்தை வைத்தேன், கியூ (அடிக்கும் கோல்) நுனியில் நன்றாகச் சாக்பொடி தேய்த்தேன், பொட்டின் நடுவில் அடிப்பதாக நினைத்து அடித்தேன். பந்து எதிர் குஷனில் (மேஜை விளிம்பின் ரப்பர் கரை) பட்டு நேராகத் திரும்பி வர வேண்டும், வலது பக்கம் சாய்ந்து வந்தது. எடுத்துப் பார்த்தால் நீலச் சாக்கின் தடம் பொட்டின் மேல் இல்லை, நான்கைந்து மில்லிமீட்டர் வலது பக்கம் தள்ளிப் பதிந்திருக்கிறது. திரும்ப அடித்தேன், திரும்ப வலது பக்கம்தான். பத்தில் ஏழு தடவை. ஆறேழு வருடமாக நான் நேராக அடிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்த ஒவ்வொரு அடியிலும் எனக்கே தெரியாமல் சைடு, அதாவது பக்கவாட்டுச் சுழற்சி, போட்டிருக்கிறேன்!

இது ஏன் வேகத்தைக் கெடுக்கிறது என்றால், சைடு உள்ள பந்து குஷனைத் தொட்டதும் அதன் குணம் மாறிவிடுகிறது. போகிற திசைக்குச் சாதகமான சைடு என்றால் குஷனிலிருந்து அகலமாக விரிந்து வேகமாக ஓடும், எதிர் சைடு என்றால் சுணங்கிப்போய்ப் பக்கத்திலேயே நின்றுவிடும். ஆக ஒரே வேகத்தில் அடித்தும் ஒரு ஷாட்டில் வெள்ளை ஒன்றரை அடி தாண்டிப் போனதும், அடுத்ததில் குஷனோடு ஒட்டிக்கொண்டதும் என் கை பலத்தால் அல்ல. பார்லர் பந்தில் இதைக் கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லை, வெறும் வெள்ளை உருண்டை எப்படிச் சுற்றினாலும் வெள்ளைதான்.

இரண்டாவதாகக் காட்டிக்கொடுத்தது இன்னும் சுவாரசியம். பந்தின் கீழ்ப்பகுதியில் அடித்தால் அது முதலில் பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே முன்னால் வழுக்கிப் போகும், துணியின் உராய்வில் அந்தச் சுழற்சி குறைந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் முழுக்க நிற்கும், அப்புறம் முன்பக்கமாக உருள ஆரம்பிக்கும். படித்தது, கேட்டது எல்லாம் உண்டு, கண்ணால் பார்த்ததில்லை. இப்போது மெதுவான அடியில் பார்க்க முடிகிறது: கலங்கலாகச் சுற்றிக்கொண்டிருந்த சிவப்பு, ஒரு நொடிக்கும் குறைவாகத் தனித்தனிப் பொட்டாகத் தெளிந்து அப்படியே உறைகிறது, பந்து மட்டும் சறுக்குகிறது, பிறகு பொட்டுகள் முன்னால் உருளத் தொடங்குகின்றன. அந்த உறைந்த கணத்தில் எதிர்ப் பந்தை நேருக்கு நேர் தொட்டால்தான் வெள்ளை ஆணி அடித்த மாதிரி நிற்கும். நான் மெதுவாக அடிக்கும்போதெல்லாம் வெள்ளை நிற்காமல் கலர் பந்தின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய், சில சமயம் பாக்கெட்டிலும் விழுந்து ஃபவுல் ஆவதற்குக் காரணம் இதுதான். வேகம் குறைந்தால் பந்து போய்ச் சேர்வதற்குள் உருள ஆரம்பித்துவிடும். அதனால் மெதுவாக நிறுத்த வேண்டுமென்றால் இன்னும் கீழே அடிக்க வேண்டும், வேகமாக என்றால் நடுவுக்குச் சற்றுக் கீழே போதும். வேகமும் உயரமும் ஒன்றோடு ஒன்று கட்டிப்போட்ட சமாச்சாரம், தனித்தனியாகப் பழகவே முடியாது.

வெறும் வேகத்துக்கு என்று நான் வைத்திருக்கும் பயிற்சிக்கு இந்தப் பந்தே தேவையில்லை, எந்தப் பந்திலும் செய்யலாம். ஏ4 தாளைப் பாதியாக மடித்து மேஜையில் வைத்து வெள்ளையை அதன் மேல் நிறுத்த வேண்டும், வழியில் பட்டு வரும் குஷனை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். தோற்றால் டீ என் கணக்கு, முதல் மாதம் டீக்கடைக்காரர்தான் லாபம் பார்த்தார். ஏன் இவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால் பள்ளிக்கூட இயற்பியல்தான்: உருளும் பந்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஓடும் தூரம் இரண்டு மடங்கல்ல, கிட்டத்தட்ட நான்கு மடங்கு (குஷன் தின்பது போக). கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டோம் என்றால் பந்து ஊரைச் சுற்றிவிட்டு வருகிறது. மார்க்கர் அண்ணன் யோசனைப்படி கையின் முறுக்கை மாற்றாமல், கியூவைப் பின்னால் இழுக்கும் தூரத்தை மட்டும் மாற்றிப் பழகுகிறேன். இதோடு சென்னை ஈரக்காற்று வேறு. மழை நாளில் துணி கனத்துப்போய் பந்து நகர மறுக்கிறது, ஏசி ஓடி அரை மணி ஆனால் அதே மேஜை வேறு மேஜை. ஆகவே போனவுடன் நாலு பந்து சும்மா உருட்டிப் பார்க்காமல் பந்தயம் கட்டாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பந்து என் மானத்தை வாங்கியது. ஸ்க்ரூ, அதாவது வெள்ளையைப் பின்னால் இழுப்பது, எனக்கு நன்றாக வரும் என்று ஒரு கர்வம். புதிய பந்தில் பாதி தூரம்கூட வரவில்லை. சந்தேகப்பட்டு பார்லர் பந்தைக் கடன் வாங்கிப்போய், சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். விதிப்படி பூல் பந்தின் எடை ஐந்தரையிலிருந்து ஆறு அவுன்ஸ், அதாவது சுமார் 156இலிருந்து 170 கிராம். புதியது அந்த மேல் எல்லையை ஒட்டி இருந்தது, பார்லர் பந்து தேய்ந்து தேய்ந்து கீழ் எல்லையையும் தாண்டிவிட்டது. வெள்ளை இலேசாக இருந்தால் மோதியதும் தானாகவே பின்வாங்கப் பார்க்கும். என் ஸ்க்ரூ திறமையில் ஒரு பங்கு அந்தத் தேய்மானத்தினுடையது.

குறை என்றால், இது பந்தின் குறை இல்லை, என்னுடையது: பொட்டு சுற்றுவதை வேடிக்கை பார்க்கும் ஆசையில் அடித்து முடிப்பதற்குள் தலையைத் தூக்கிவிடுகிறேன், எளிதான பந்தெல்லாம் தவறுகிறது. இப்போது பயிற்சிக்கு மட்டும் இதை எடுக்கிறேன், ஆட்டத்துக்குப் பார்லர் பந்துதான். இன்னொன்று, ஸ்னூக்கர் மேஜைக்கு இது ஆகாது. பூல் பந்து 57 மில்லிமீட்டர் சொச்சம், ஸ்னூக்கர் பந்து 52.5. காசு போட்டால் பந்து விழும் மேஜைகளிலும் வேண்டாம், அங்கே வெள்ளையைத் தனியாகப் பிரித்தெடுக்க அளவிலோ எடையிலோ வேறு மாதிரி பந்து வைத்திருப்பார்கள், உங்கள் மூவாயிரம் ரூபாய் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

வாரத்துக்கு ஒரு தடவை நண்பர்களோடு போய்க் கத்திவிட்டு வருகிறவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம், அந்தக் காசுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மேஜை எடுத்து ஆடலாம். தனியாக ஒரு மணி நேரம் எடுத்து ஒரே ஷாட்டை முப்பது தடவை அடிக்கும் பைத்தியம் பிடித்தவராக இருந்தால் வாங்குங்கள். வாங்கியதும் பொட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உதிர்ந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நான் பந்தை ஒரு பழைய சாக்ஸில் போட்டுத்தான் கொண்டுபோகிறேன். துவைத்த சாக்ஸ்தான். போன வாரம் மார்க்கர் அண்ணன் அதை வாங்கி, பொட்டை என் பக்கம் திருப்பி வைத்து, ஒரு அடி அடிக்கச் சொன்னார். தடம் பொட்டுக்கு வலது பக்கம், இரண்டு மில்லிமீட்டர். "நாலுலேர்ந்து ரெண்டுக்கு வந்துட்டீங்க, தம்பி" என்று சொல்லிவிட்டு மணி முடிந்துவிட்டது என்று விளக்கை அணைத்துவிட்டார்.