தாணே பக்கம் ‘அமெரிக்கா சம்மர் ஜாப்’ வகுப்புக்குப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மும்பையில் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கை வீட்டில் இருந்தால் இதை அவர்களுக்கும் காட்டுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் இதில் ஒரு விவரத்தைக்கூட விட எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் இதில் எந்த விவரம் முன்னாடியே தெரிந்திருந்தாலும் எங்கள் 1,59,000 ரூபாய் போயிருக்காது.

எங்கள் வீடு தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால். அப்பா இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். நான் லோயர் பரேலில் ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். தம்பி ஹோட்டல் மேனேஜ்மெண்ட் இரண்டாம் வருஷம். போன வருஷம் டிசம்பரில், கூடப் படிக்கிற பையன் சொன்னான் என்று தாணே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தான். கோடை விடுமுறையில் நான்கு மாதம் அமெரிக்காவில் ஒரு ரிசார்ட்டில் வேலை, மணிக்கு 14 டாலர், தங்க இடம் இலவசம், கலாசாரப் பரிமாற்றம் என்று அரசாங்கமே கொடுக்கிற ஜே-1 விசா, திரும்பி வந்தால் ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ளலாம். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு திட்டம் உண்மையாகவே இருக்கிறது. ‘சம்மர் ஒர்க் டிராவல்’ என்று பெயர். அமெரிக்காவில் 1961-இல் வந்த கல்வி கலாசாரப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் நடக்கிறது, வெளிநாட்டில் முழுநேரமாகக் கல்லூரியில் படிக்கிற, குறைந்தது ஒரு செமஸ்டராவது முடித்த மாணவர்களுக்கானது, அதிகபட்சம் நான்கு மாதம். அதனால்தான் ஏமாந்தோம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் கூகுளில் தேடிய அன்றே நான் கண்டுபிடித்திருப்பேன். தேடிப் பார்த்தேன், எல்லாம் உண்மை என்றுதான் வந்தது. திட்டம் உண்மை என்றால் இந்த ஆளும் உண்மை என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். தப்பு அங்கேதான்.

இன்னொரு காரணம், அந்த ஆபீஸில் பேசியவர் தமிழர். அப்பாவிடம், “அண்ணாச்சி, நானும் தூத்துக்குடிக்காரன்தான். நம்ம புள்ளைய நடுத்தெருவுல விட்டுருவனா?” என்றார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து, எத்தனையோ பேரிடம் இந்தியிலும் மராத்தியிலும் கணக்காகப் பேசி வியாபாரம் பண்ணுகிற அப்பா, அந்த ஒரு ‘அண்ணாச்சி’க்கு அன்றைக்கே 25,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கொடுத்துவிட்டார். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. எண் இல்லை. மீதிப் பணமெல்லாம் யு.பி.ஐ.யில் போனது, அதுவும் நிறுவனத்தின் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆள் பெயருக்கு. நான் கணக்கு பார்க்கிறவள், அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் பயிற்சி வகுப்பு, அதற்குத் தனியாக 18,000. எட்டு சனிக்கிழமை. கல்யாண், விரார், முலுண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். என்ன சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? நாற்பது கேள்வி, நாற்பது பதில், எல்லாரும் ஒரே மாதிரி மனப்பாடம். டை கட்டுவது எப்படி, அதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி, நியூயார்க் வீடியோ இரண்டு. சம்பளத்தில் என்ன பிடிப்பார்கள், தங்குகிற இடத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு, சம்பளத்துக்குத் தேவையான சோஷியல் செக்யூரிட்டி எண்ணை அங்கே போய் வாங்குவது எப்படி, உடம்புக்கு முடியாவிட்டால் இன்ஷூரன்ஸை எப்படிப் பயன்படுத்துவது, முதலாளி தொந்தரவு கொடுத்தால் யாரைக் கூப்பிடுவது, இதில் ஒரு வார்த்தை இல்லை. தம்பி ஒருநாள் கேட்டானாம். “அதெல்லாம் அங்க போனா தெரியும்” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரு பிள்ளையை ஏழு கடல் தாண்டி அனுப்புகிறோம் என்றால் அதுதானே தயார்ப்படுத்துவது? இந்தத் திட்டத்தின் விதிகளைப் பிறகு உட்கார்ந்து படித்தபோது வயிறு எரிந்தது. ‘ஸ்பான்சர்’ என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அனுமதி கொடுத்த அமைப்புகள் இருக்கின்றன, அவர்கள் மட்டும்தான் டி.எஸ்.-2019 என்ற படிவத்தைக் கொடுக்க முடியும், அது இல்லாமல் ஜே-1 விசா கிடையாது. மாணவனுக்கு ஆங்கிலம் வருகிறதா என்று நேரிலோ வீடியோவிலோ பேசிப் பார்த்தோ, அங்கீகரித்த தேர்வு மூலமோ ஸ்பான்சர்தான் உறுதி செய்ய வேண்டும். நம்மைப் போல சும்மா சுற்றிப் பார்க்கப் போவதற்குக்கூட விசா வாங்க வேண்டிய நாட்டு மாணவர்களுக்கு வேலை முன்கூட்டியே உறுதியாகி, அதை ஸ்பான்சர் சரிபார்த்த பிறகுதான் படிவமே வரும். கட்டணம் எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே உரிமைகள் பற்றிய கையேடும் அவசர உதவி எண்ணும் மாணவன் கையில் இருக்க வேண்டும். அந்த எண் 1-866-283-9090, அமெரிக்காவில் இருக்கிற ஜே-1 மாணவர்களுக்கானது. உண்மையாகவே போகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆள் என்ன சொன்னார்? “ஸ்பான்சர் இண்டர்வியூ உங்களுக்குக் கிடையாது, நாங்க பேசி முடிச்சுட்டோம்.” அதை ஒரு சலுகை மாதிரிச் சொன்னார், நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

வேலை வாங்கிக் கொடுத்ததற்கு 70,000. விசா கட்டணம் 185 டாலர் என்று 16,000, அது சரியான தொகைதான். அப்புறம் ‘செவிஸ்’ (வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசாங்கம் பதிந்து வைக்கிற கணினிப் பதிவேடு) கட்டணம் 350 டாலர் என்று 30,000. இந்த ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். 350 டாலர் என்பது எஃப்-1 விசாவில் அங்கே படிக்கப் போகிறவர்களுக்கு. ஜே-1-இல் கோடைக்கால வேலைக்குப் போகிறவர்களுக்கு 35 டாலர், அதாவது மூவாயிரம் ரூபாய் சொச்சம். ஒரு சைபர் கூடப் போட்டுப் பத்து மடங்கு வாங்கியிருக்கிறார். கேட்டால் காட்டுவதற்கு ஒரு வெப்சைட்டில் 350 என்று இருக்கத்தான் செய்யும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

இது போக தம்பியின் அசல் மார்க் ஷீட்டுகளையும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கையும் “திரும்பி வர்றதுக்கு உத்தரவாதம்” என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி, வரும் வியாழக்கிழமை பி.கே.சி.யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் என்று ஒரு ஃபைலைக் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் தெருமுனையில் நின்றால் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பி.கே.சி.யின் கண்ணாடிக் கட்டிடங்கள் தெரியும். அம்மா அன்றைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் படுத்தாள். தம்பி மட்டும் தூங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு என்னை எழுப்பி, “அக்கா, இத கொஞ்சம் பாரேன்” என்று ஒரு தாளை நீட்டினான். கல்லூரி கொடுத்ததாக ஒரு கடிதம். செப்டம்பர் 15 வரை அவனுக்கு விடுமுறை என்று போட்டிருந்தது. அவன் கல்லூரி ஜூனில் திறந்துவிடும். அவன் அப்படி ஒரு கடிதத்தைக் கேட்கவே இல்லை, முதல்வர் கையெழுத்தும் அவர் போடுகிற மாதிரி இல்லை.

காலையில் போன் போட்டேன். “எல்லாரும் இப்படித்தாம்மா வைக்கிறாங்க, அதிகாரி இதையெல்லாம் படிக்கவே மாட்டார்” என்றார் நம்ம ஊர்க்காரர். விசாவுக்காகப் பொய்யான ஆவணம் கொடுத்து மாட்டினால், அந்த ஒரு தடவை விசா கிடைக்காது என்பதோடு முடியாது, அமெரிக்காவுக்குள் நுழையவே வாழ்நாள் தடை வரலாம். மாட்டுவது அவர் இல்லை, கையெழுத்துப் போட்டிருக்கிற என் தம்பி. பத்தொன்பது வயசு அவனுக்கு. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. பணத்தை எப்படியாவது திரும்பச் சம்பாதிக்கலாம், இதற்கு என்ன செய்திருப்போம்?

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஃபைலில் இருந்த ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பார்த்தேன். டி.எஸ்.-2019 படிவத்தில் ‘என்’ என்ற எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண் ஒன்று இருக்கும். செவிஸ் கட்டணம் கட்டுகிற அதே அரசாங்க வெப்சைட்டில் அந்த எண்ணையும், குடும்பப் பெயரையும், பிறந்த தேதியையும் போட்டால் பணம் கட்டியாகிவிட்டதா என்று பார்க்கலாம். போட்டேன். அப்படி ஒரு பதிவே இல்லை. வேலைக் கடிதத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு ரிசார்ட்டின் பெயர் இருந்தது, மின்னஞ்சல் முகவரி மட்டும் ஜிமெயில். அந்த ரிசார்ட்டின் சொந்த வெப்சைட்டுக்குப் போய், அதில் இருந்த முகவரிக்கு எழுதினேன். படிவத்தில் பெயர் இருந்த ஸ்பான்சருக்கும் எழுதினேன். ஸ்பான்சர்களின் பட்டியல் ஜே1விசா டாட் ஸ்டேட் டாட் கவ் என்ற வெளியுறவுத் துறை தளத்தில் இருக்கிறது, எந்த அமைப்புக்கு எந்தப் பிரிவில் அனுமதி என்பதும் அதில் தெரியும்.

இரண்டு நாளில் இரண்டு பதிலும் வந்தன. அப்படி ஒரு வேலை நாங்கள் கொடுக்கவில்லை என்றது ரிசார்ட். இந்த எண் எங்களுடையது இல்லை, இந்தப் பெயரில் இந்தியாவில் எங்களுக்கு ஆள் யாரும் இல்லை என்றது ஸ்பான்சர், நேர்காணலுக்குப் போக வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் அவ்வளவு அக்கறையாக எழுதிய அந்த மெயிலைப் படித்துவிட்டு அழுதேன். மூன்று மாதத்துக்கு முன்னாடி, பணம் கட்டும் முன், இதே மெயிலை அனுப்பியிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்திருக்கும்.

புதன்கிழமை நேர்காணலை ரத்து செய்தோம். அந்தப் பயிற்சி வகுப்பில் கூட இருந்த பிள்ளைகள் சிலருக்கும் தம்பி போன் போட்டான். அதில் இரண்டு பேருடைய வேலைக் கடிதத்தில் கிடங்கில் பேக்கிங், ராத்திரி ஷிப்ட் என்று இருந்தது. இந்தத் திட்டத்தில் அதற்கு அனுமதியே கிடையாது. 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் சாக்லேட் பேக்கிங் செய்ய வைக்கப்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து போராடினார்கள், அதற்கு அடுத்த வருஷம் விதிகளை இறுக்கினார்கள். கிடங்கு வேலை, ஆலை உற்பத்தி, கட்டுமானம், பெரும்பாலும் ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணிக்குள் வருகிற ஷிப்ட், வீட்டு வேலை எல்லாம் தடை. வேலை நேரம் போக அந்த நாட்டு மக்களோடு பழக, ஊரைப் பார்க்க வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இந்த வேலைகளில் ஏதாவது இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், அது பொய்.

பணத்துக்கு வருகிறேன். அப்பா நேரில் போய்க் கேட்டபோது அந்த ஆள் அவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடவில்லை. “அக்ரிமெண்ட்ல ரீஃபண்ட் கிடையாதுன்னு இருக்கு, படிக்கலையா?” என்று இந்தியில் கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசவே இல்லை. வங்கியில் சொல்லி அந்த இரண்டு செக்கையும் முதலில் நிறுத்தி வைத்தோம். 1930-க்கும் போன் செய்து சைபர் புகார் பதிந்தோம், ஆனால் யு.பி.ஐ.யில் பணம் போய் மாதக்கணக்கானதால் அங்கே பணம் எதுவும் பிடிபடவில்லை, ஏமாந்தது தெரிந்த உடனே கூப்பிட்டால்தான் பலன். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்த பிறகு மார்க் ஷீட்டுகளும், 62,000 ரூபாயும் வந்தன. மீதி 97,000-க்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலே போடலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, யு.பி.ஐ. விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள், எனக்குக் கைகொடுத்தது அவைதான்.

தம்பி இப்போது மாதுங்காவில் ஒரு ஹோட்டல் சமையலறைக்குச் சனி ஞாயிறு போகிறான். அடுத்த வருஷம் ஸ்பான்சர் பட்டியலைப் பார்த்து அவனே நேராக எழுதப் போவதாகச் சொல்கிறான், இந்தத் தடவை கல்லூரி விடுமுறைத் தேதிக்கு அந்தத் திட்டம் ஒத்துவருமா என்பதுதான் அவன் கேட்கப்போகிற முதல் கேள்வி.

அந்தப் பதினோரு பேரில் மூன்று பேரை எங்களால் பிடிக்கவே முடியவில்லை, போன் எண் மாறிவிட்டது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை தாணே ஸ்டேஷன் மேற்குப் பக்கம், இரண்டாவது மாடியில், சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வகுப்பு. அதில் உட்கார்ந்தவர் நீங்களாக இருந்தால், அல்லது உங்களுக்குத் தெரிந்த பிள்ளையாக இருந்தால், எங்கேயும் போகும் முன் அந்த ‘என்’ எண்ணைப் போட்டுப் பாருங்கள். புகார் கொடுக்க வேண்டும் என்றால் நானும் கூட வருகிறேன்.