ஸ்கூலுக்கு வெப்சைட் போடுறவங்க, டொமைன் (வெப்சைட் அட்ரஸ்) யார் பேர்ல இருக்குன்னு மொதல்ல பாருங்க

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஸ்கூல் நடத்துறவங்க யாராச்சும் இருந்தா இத கொஞ்சம் பொறுமையா படிங்க. கம்பெனி பேர் போடல, போட்டா அது வேற தலைவலி.

நான் கானாடுகாத்தான் பக்கம் ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர். 2019ல ஒருத்தர் வந்தாரு, டை எல்லாம் கட்டிக்கிட்டு, தாளாளர் ஐயா முன்னாடி லேப்டாப்ப தொறந்து வச்சு ஒரே பேச்சு. வேர்ட்பிரஸ், ஜூம்லா மாதிரி வெப்சைட் செய்யுற சாப்ட்வேர் எல்லாம் ஓசில கெடைக்கிறது சார், அதோட புரோகிராம் கோடு ஊருக்கே தெரியும், எவன் வேணா உள்ள பூந்துருவான், எங்களோடது சொந்த சாப்ட்வேர், வெளில ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு. நான் மெதுவா, வேர்ட்பிரஸ்லயே பண்ணிரலாமே ஐயான்னேன். "ஓசில வர்றதுல என்னப்பா தரம் இருக்கும்"னுட்டாரு. வட்டிக்கணக்க பைசா சுத்தமா பாக்குற மனுஷன், இதுல சறுக்கிட்டாரு. மொதல்ல 45,000, அப்புறம் வருஷா வருஷம் 12,000.

(கோடு தெரிஞ்சா ஹேக் பண்ணிருவாங்கங்கிறது சும்மா பூச்சாண்டி. வேர்ட்பிரஸ் சைட் பெரும்பாலும் மாட்டுறது கூடுதல் வசதிக்குச் சேக்குற பழைய ப்ளக்இன்ன அப்டேட் பண்ணாம போட்டு வைக்கிறதாலயும் லொடக்கு பாஸ்வேர்டாலயும்தான்.)

மூணு நாலு வருஷம் ஒழுங்காதான் ஓடுச்சு. 2023 மார்ச்ல திடீர்னு 38,000 கட்டுங்கன்னாங்க. ஏன்னு கேட்டா சர்வர் காஸ்ட் சார். சரி வேணாம், எங்க டேட்டாவ குடுங்க நாங்க வேற எடத்துக்குப் போய்க்கிறோம்னா, "அது எங்க ஃபார்மட்ல இருக்கு சார், வெளில எடுத்தா ஓடாது." அடுத்த வாரம் சைட்டே இல்ல. அட்மிஷன் நேரம் வேற. அதோட சிபிஎஸ்இ ஸ்கூல்னா அஃபிலியேஷன் விவரம், ஃபீஸ், டீச்சர்ஸ் லிஸ்ட், ரிசல்ட் எல்லாம் நம்ம சைட்ல போட்டே ஆகணும், அந்தப் பக்கமும் போச்சு.

எதாச்சும் மிஞ்சுமான்னு பழைய வெப்சைட் பக்கங்கள சேத்து வைக்கிற இன்டர்நெட் ஆர்கைவ்ல எங்க பழைய பக்கத்த தேடி எடுத்து அதோட சோர்ஸ் கோட பாத்தேன் பாருங்க, வரிக்கு வரி டபிள்யூபி-கன்டென்ட், டபிள்யூபி-கன்டென்ட்னு இருக்கு! அது வேர்ட்பிரஸ்ஸோட ஃபோல்டர் பேரு, அத்தனையும் வேர்ட்பிரஸ்ங்க. லாகின் பக்கத்துல அவங்க லோகோவ ஒட்டிருக்காங்க, அவ்ளோதான். ஆத்தங்குடி கல்லுன்னு சொல்லி மெஷின் டைல்ஸ பதிச்சுட்டுப் போன கதை.

எனக்கு வந்த கோவத்துக்கு, வேர்ட்பிரஸ்ஸுக்கு ஜிபிஎல் லைசென்ஸ்தான (சாப்ட்வேர் காப்பிய குடுத்தா கோடையும் குடுக்கணும்ங்கிற விதி), கோட குடுத்துதான ஆகணும்னு சண்டைக்குக் கெளம்புனேன். படிச்சுப் பாத்தா அங்கயும் வழி இல்ல. ஜிபிஎல் சாப்ட்வேருக்குக் காசு வாங்குறது தப்பே இல்ல, காப்பி நம்ம கைக்கு வந்தாதான் கோடு கேக்குற உரிமையும் வரும், அவன் சர்வர்லயே ஓட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும் லைசென்ஸ் அவன ஒண்ணும் கேக்காது. அதாவது நான் சொன்ன வேர்ட்பிரஸ்லயேதான் இத்தன வருஷம் இருந்திருக்கோம், இருந்தும் மாட்டிக்கிட்டோம். ஏன்னா டொமைன் அவன் பேர்ல, ஹோஸ்டிங் (சைட்ட வச்சிருக்குற சர்வர் எடம்) அவன் பேர்ல, அட்மின் பாஸ்வேர்டும் அவன்கிட்ட. நெலத்துக்குப் பத்திரம் பாக்காம பணம் கட்டுவமா? .இன் டொமைன் வருஷத்துக்கு ஆயிரம் ரூபா கூட ஆகாது, அத நாமளே நம்ம டிரஸ்ட் பேர்ல வாங்கிருக்கணும்.

தேவகோட்டைல எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்கூல்ல காசு கட்டுற சாப்ட்வேர்தான் வச்சிருக்காங்க, டொமைன் அவங்க பேர்ல, மாசா மாசம் டேட்டாவ எக்செல்ல எறக்கி வச்சுக்குறாங்க, ஒரு பிரச்சனையும் இல்ல. அதனால யாராச்சும் டெமோ காட்ட வந்தா ஓப்பன் சோர்ஸா (கோடு எல்லாருக்கும் தெரியுற சாப்ட்வேர்) சொந்த சாப்ட்வேரான்னு அப்புறம் கேளுங்க, நாளைக்கு நாங்க போறோம்னா டொமைன வேற எடத்துக்கு மாத்துறதுக்கான ரகசிய கோடு, டேட்டாபேஸ், போட்டோ ஃபோல்டர் மூணையும் எத்தன நாள்ல தருவன்னு கேட்டு அக்ரிமென்ட்ல எழுதி வாங்குங்க. வாயால சொன்னா ஏத்துக்காதீங்க.

எழுத்து எல்லாம் ஆர்கைவ்ல இருந்து கெடச்சிருச்சு. போட்டோ பாதிக்கு மேல வரல. பினாங்குல இருக்குற ஒரு பழைய மாணவர் அவங்க செட் குரூப் போட்டோவ ஸ்கேன் பண்ணி அனுப்பிருந்தாரு, அதுவும் போச்சு. திரும்பக் கேக்கலாம்னா, ஒரிஜினல் எங்க வச்சேன்னு தெரியலப்பாங்குறாரு.

இப்ப புது டொமைன், டிரஸ்ட் பேர்லயே வாங்கியாச்சு, வேர்ட்பிரஸ் நானே போட்டேன், பாஸ்வேர்ட கவர்ல போட்டு ஆபீஸ் இரும்புப் பெட்டில வச்சாச்சு. ஸ்கூல் பஸ் ரெண்டுலயும் பின்னாடி இன்னும் பழைய அட்ரஸ்தான் பெயின்ட்ல இருக்கு, அழிச்சு எழுத பெயின்டர் கேக்குற காசுக்கு ஐயா இன்னும் சரின்னு சொல்லல.